பிரித்துப் பார்க்காத உறைகள்

தென்முனை நீர்த்தளம், நிலவு
தளப் பொறுப்பாளர் ஆவுடைநாயகத்தின் நாட்பதிவு

02-03-2071, திங்கட்கிழமை. இந்திய நேரம் காலை 6:30

காற்றழுத்தம் இயல்பு. கரியமில வாயு இயல்பு. குடிநீர்த் தொட்டி முக்கால் பங்கு. முதன்மைக் காற்றுச் சுத்திகரிப்பான் ஓடுகிறது. அதன் பேரிங்கில் மெல்லிய கிறீச்சொலி. எண்ணெயிட்டேன்.

இப்பதிவைக் கண்டெடுப்பவர் எவராயினும் அறிக. இத்தளத்தில் மூவர் இருக்கிறோம். காற்றும் நீரும் என் பொறுப்பு. எனக்கு வயது அறுபத்தெட்டு. நஃபீசா எங்கள் மருத்துவர். செல்வகனி துளைப்பொறியாளர், நிலத்தைத் துளைத்துப் பனிக்கட்டி எடுப்பவர். தளம் என்று பெயரே தவிர, மூவர் முதுகோடு முதுகு உரசி வாழும் ஒரு லாரிக் கூண்டு.

தரைக்குழுவிலிருந்து நேற்றைய தேதியிட்ட செய்தி இன்று வந்தது. அனுப்பியதும் இன்றுதான். நாளைச் சரியாக எழுதத் தெரியாதவர்கள் என்னை நிலவில் இறக்கினார்கள் என்று நினைக்கும்போது, நான் இறங்கியதே வியப்பாக இருக்கிறது.

செய்தியின் பொருள்: மாதவிடாய்க் குவளைக்கு மாற இரு பெண்களும் விடுத்த விண்ணப்பம். நஃபீசா தம் சொந்தப் பையில் இரண்டு குவளைகள் கொண்டுவந்திருக்கிறார். அவற்றை அலசச் சிறிது நீர் கேட்டார். அதற்கு உடல்நலத் தூய்மைக் குழு என்ற ஒன்றைத் தரையில் அமைத்திருக்கிறார்கள். உறுப்பினர் எழுவர். எழுவரும் ஆடவர். ஆழ்ந்த ஆய்வுக்குப் பின் பதில் அளிப்பார்களாம்.

05-03-2071, வியாழக்கிழமை. காலை 10:15

தரைத் தொடர்பு அலுவலர் கோகுலகிருஷ்ணன் பேசினார். உரையாடலை உள்ளபடியே பதிகிறேன். பிற்காலத்தில் எவரும் நம்பமாட்டார்கள் என்பதால்.

"மேடம், கமிட்டில ஒரு சின்ன டவுட். செல்வகனி மேடத்துக்கு இன்னும் கல்யாணம் ஆகல இல்லையா. அவங்க அதை யூஸ் பண்ணலாமான்னு பெரியவங்க கேக்கறாங்க."

நஃபீசா: "அந்தப் பெரியவங்கள்ல யாராவது அதைப் போட்டுக்கப் போறாங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப அவங்களுக்கு என்ன டவுட்டு?"

துளைமேடையிலிருந்து செல்வகனி, வானொலியில்: "ஏம் தம்பி, ராக்கெட்ல ஏத்தும்போது கல்யாணம் ஆச்சான்னு ஒருத்தரும் கேக்கலியே. இப்ப என்ன திடீர்னு பொண்ணு பாக்கீய?"

கோகுலகிருஷ்ணனுக்கு இருமல் வந்தது. தொடர்பு ஒழுங்காக இருக்கும்போதே "சிக்னல் போயிடுச்சு" என்று அறிவித்துவிட்டு விலகினார்.

குழுவின் ஒப்புதல் எனக்குத் தேவையில்லை. நீர் என் பொறுப்பு. அலசும் நீரை நானே ஒதுக்கினேன். ஒரேயொரு நிபந்தனை: முதல் அலசல் குளிர்ந்த நீரில். வெந்நீர் பட்டால் இரத்தம் உறைந்து வடிகட்டியில் பிசின்போல ஒட்டும். அதன்பின் கொதிக்கவைத்துக்கொள்ளட்டும். இச்சிறு உண்மையைக்கூட அறியாமல் ஏழு பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து தேநீர் அருந்துகிறார்கள்.

குவளையைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமில்லை. அது சிலிகோனில் செய்த ஒரு பாத்திரம். கொள்ளளவு உண்டு, அளக்கலாம், கழுவலாம், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இதுவரை அவர்கள் பயன்படுத்திவந்த அப்பொருள், அதன் சிறிய வடிவமான பஞ்சுச் சுருள் உட்பட, சேமிப்பறையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பொறியாளன் என்ற முறையில் எது மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

14-03-2071, சனிக்கிழமை. மாலை 5:40

வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். படிவு எதுவும் இல்லை. குழு அஞ்சிய பேரழிவு நிகழவில்லை.

செல்வகனி துளைமேடையிலிருந்து அனுப்பிய வாய்மொழி அறிக்கை:

"அண்ணாச்சி, மொத நாளு அது உள்ள விரியவே இல்ல. ஒழுகித் தொலைச்சுது. நஃபீசாக்காதான் மடிக்கிற விதத்தச் சொல்லிக் குடுத்தாவ. இன்னைக்கு பத்து மணி நேரமா ஸ்பேஸ் சூட்டுக்குள்ள கெடக்கேன், ஒரு நெனப்பே இல்ல. பேடு வச்சிருந்தா இந்நேரம் தொட ரெண்டும் பிஞ்சிருக்கும். டாம்பன்னா மாத்தணும்னு பாதியிலயே ஓடி வந்திருப்பேன்."

இவ்விவரங்களை நான் கேட்கவில்லை. எனினும் தொழில்நுட்ப மதிப்பு உள்ளவை ஆதலால் பதிகிறேன்.

அவர் மேலும் சொன்னது: "சேமிப்பறைல இருக்க கருப்புக் கவரெல்லாம் இனி எங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி. பிரிச்சுப் பாத்து, பஞ்ச வேற எதுக்காச்சும் எடுத்துக்கிடுங்க."

16-03-2071, திங்கட்கிழமை. காலை 9:00

சேமிப்பறையை ஒழித்தேன்.

அந்த உறைகளைப் பற்றிச் சில சொற்கள். மருந்துக்கடையில் அப்பொருளைக் கேட்டால், கடைக்காரர் முதலில் செய்தித்தாளில் சுற்றுவார். பிறகு கருப்புப் பையில் போட்டு, திருட்டுப் பொருளைக் கைமாற்றுவதுபோல் நீட்டுவார். நம் தரைக்குழு அதே வழக்கத்தை விண்வெளிவரை கடைப்பிடித்திருக்கிறது. முப்பத்தாறு கருப்பு உறைகள். ஒன்றிலும் பெயர் இல்லை. ஒரு திருகாணிக்குக்கூட மூன்று முத்திரைகள் ஒட்டும் இவர்கள், இதற்கு மட்டும் ஓர் எழுத்து எழுதவில்லை. நிலவில் எந்த அண்டைவீட்டார் எட்டிப் பார்த்துவிடுவார் என்று அஞ்சினார்களோ.

முப்பத்தாறையும் குப்பைச் சரிவில் தள்ளிவிட்டேன். அவை தளத்தின் பின்புறமுள்ள இருட்பள்ளத்துக்குள் சரிந்து சென்றன. வெயில் ஒருநாளும் படாத பள்ளம் அது.

பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? செல்வகனி எளிதாகச் சொல்லிவிட்டார். எனக்கென்று சில வரம்புகள் உண்டு.

18-03-2071, புதன்கிழமை. காலை 7:20

பெண்கள் இருவரும் ஊர்தியில் தொலைத் துளைமேடைக்குப் புறப்பட்டனர். போய்ச் சேரவே மூன்று நாள். தளத்தில் நான் மட்டும்.

புறப்படும்போது நஃபீசா, ஊர்தியிலிருந்து: "நாயகம் சார், பிரஷர் மாத்திரைய மறக்காதீங்க. அந்த பேரிங் சத்தம் எனக்குப் பிடிக்கல."

எனக்கும் பிடிக்கவில்லை. புது பேரிங் வேண்டுமென்று தரைக்கு எழுதினேன். பதில் வந்தது. பேரிங்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குவளையின் நிறம் என்ன என்று தூய்மைக் குழு கேட்டிருக்கிறது.

23-03-2071, திங்கட்கிழமை. பிற்பகல் 2:10

முதன்மைச் சுத்திகரிப்பான் நின்றுவிட்டது. பேரிங் உருகித் தண்டோடு ஒட்டிக்கொண்டது. இங்கு சரிசெய்ய இயலாது.

இத்தகைய வேளைக்கென்றே மாற்று உருளைகள் ஆறு உண்டு. காற்றில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சுபவை. மாட்டினால் போதும், ஆறும் சேர்ந்து அடுத்த கப்பல் வரும்வரை தாங்கும். தேவை வரும்முன் அப்பெட்டியின் முத்திரையை உடைக்கலாகாது என்பது விதி. விதியை நான் மீறியதில்லை. இன்று உடைத்தேன்.

ஆறு குழிகள். இரண்டில் மட்டுமே உருளைகள் இருந்தன. பக்கத்துக் குழிகள் காலியாக இருந்ததால் அவை பயணம் முழுவதும் குலுங்கியிருக்கின்றன. இரண்டும் விரிசல் கண்டு, உள்ளிருந்த வெண்பொடி பெட்டி முழுதும் சிந்திக் கிடக்கிறது. பயனற்றவை.

தரையை அழைத்தேன். கோகுலகிருஷ்ணன் நெடுநேரம் யார் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார்.

"சார், மத்த நாலும் அனுப்பியிருக்கு சார். பேக்கிங்ல அந்தத் தெர்மாகோல் சரியில்லன்னு ஃபீல் பண்ணியிருக்காங்க. அதனால ஒவ்வொண்ணையும் வேற ஒரு ஐட்டத்துக்கு நடுவுல வச்சுக் கட்டியிருக்காங்க. மெத்துன்னு இருக்கும்னு."

எதற்கு நடுவில் என்று கேட்டேன்.

"அதான் சார். லேடீஸ் ஐட்டம். கருப்புக் கவர்ல."

ஏன் எனக்குத் தெரிவிக்கவில்லை என்று கேட்டேன்.

"எப்படி சார் அதைப் போய் மெசேஜ்ல எழுதறது? ஆபீசர் கையெழுத்துப் போடணும். எப்படியும் மேடம் யாராவது பிரிப்பாங்க, பாத்துக்குவாங்கன்னு விட்டுட்டாங்க."

இங்கு எப்பொருளும் ஆறில் ஒரு பங்குதான் கனக்கும். முப்பத்தாறு உறைகளில் நான்கு சற்றே கனத்தபோது என் கை அதை உணரவில்லை. உணர்ந்திருந்தாலும் நான் பிரித்திருக்கமாட்டேன். இதையும் எழுதிவைப்பது முறை.

24-03-2071, செவ்வாய்க்கிழமை. காலை 8:00

கரியமில வாயு ஏறுகிறது. தலைவலி. நேற்றே பெண்களுக்குச் செய்தி சொன்னேன். உடனே ஊர்தியைத் திருப்பிவிட்டார்கள். அவர்களுக்குக் கவலையில்லை, ஊர்திக்குத் தனிச் சுத்திகரிப்பான் உண்டு; ஆனால் அது இருவருக்குமேல் தாங்காது. வியாழக்கிழமை வந்து சேர்வார்கள். காற்று அதுவரை தாங்குமா என்பது ஐயம்.

விண்ணுடை அணிந்து பள்ளத்தின் விளிம்புவரை சென்றேன். விளக்கொளி அடியைத் தொடவில்லை. கயிற்றை இழுக்கும் பொறி ஊர்தியில் இருக்கிறது. தனியே இறங்கினால் ஏற முடியாது. என் முழங்கால்கள் ஓய்வு பெற்றுப் பத்தாண்டுகள் ஆகின்றன. திரும்பினேன். அந்த நடையில் உடைக் காற்றில் பாதியைச் செலவழித்தேன். முட்டாள்தனம்.

செல்வகனி, வழியிலிருந்து: "அண்ணாச்சி, அசையாம படுத்துக் கெடங்க. பேசாதிய, எழுதாதிய. அந்த டயரிய மூடி வச்சாலே பாதிக் காத்து மிஞ்சும்."

பதிவு எழுதுவதால் காற்று செலவாவதில்லை என்று விளக்கினேன். விளக்கியதில் செலவானது.

25-03-2071, புதன்கிழமை. பிற்பகல் 3:30

மூச்சு இரைக்கிறது. படுத்தே எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது, பொறுத்தருள்க.

தரைக்குழு அவசரக் கூட்டம் நடத்தியதாம். உறைகளைப் பற்றிய பேச்சு வந்ததும், பெண் தட்டெழுத்தாளரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் தொடர்ந்தார்களாம். கோகுலகிருஷ்ணன் இதை ஏதோ நாகரிகச் செயல்போல் தெரிவித்தார். நான் மூச்சுவிடுவது ஒரு சொல்லில் தொங்குகிறது. அந்தச் சொல் அவர்கள் வாயில் வரவில்லை.

நகைக்க முயன்றேன். இருமலாயிற்று.

இவர்களை நான் இகழ்கிறேன். முழு மனத்தோடு இகழ்கிறேன். ஆனால் இந்நாட்பதிவை இன்று முதலிலிருந்து படித்தேன். நானும் ஓரிடத்திலாவது அப்பொருளின் பெயரை எழுதியிருக்கிறேனா என்று தேடினேன். செல்வகனி சொன்னது இருக்கிறது. என் கையால் எழுதியது இல்லை.

26-03-2071, புதன்கிழமை. இல்லை. வியாழக்கிழமை. காலை 11

ஊர்தி வந்துவிட்டது. நேரே பள்ளத்துக்குப் போயிருக்கிறார்கள். செல்வகனி கயிற்றில் இறங்குகிறார். நஃபீசா மேலே பொறியைப் பிடித்திருக்கிறார். நான் விண்ணுடைக்குள் இருக்கிறேன். அதில் காற்று முடியப்போகிறது. முடிந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றவேண்டும்.

வானொலி:

"அண்ணாச்சி, கவரெல்லாம் செதறிக் கெடக்கு. குளிர்ல வெறகு மாதிரி வெறச்சிருக்கு. உடைச்சுத்தான் பாக்கணும்."

"பஞ்சு."

"பஞ்சு. இதும் பஞ்சுதான்."

நஃபீசா: "அவசரப்படாத. தட்டிப் பாரு, சத்தம் வேற மாதிரி இருக்கும்."

"இங்க எங்கக்கா சத்தம் கேக்கும், காத்தா இருக்கு? எந்த மூதேவிக்கா இப்படிக் கட்டுனது? பேர எழுதுனா கை அழுகிரும்னு நெனச்சானா?"

"பஞ்சு."

இத்தனை பஞ்சா. இரு பெண்களுக்கு. இனி ஒன்றும் வேண்டாம் என்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு குவளைக்கு மாறிவிட்டார்கள். நல்ல முடிவு. பொறியாளன் என்ற முறையில் நல்ல முடிவு. இதை ஏற்கெனவே எழுதிவிட்டேனா.

"பஞ்சு."

26, வியாழன்

கவசத்தைக் கழற்றிவிட்டேன். கண்ணில் ஓரங்கள் கருக்கின்றன. உறையின் நிறம்.

செல்வகனி ஏதோ கத்துகிறார். "சிக்கிட்டு அண்ணாச்சி. ஒண்ணு சிக்கிட்டு. முழுசா இருக்கு. ஏறிட்டேன், இந்தா ஏறிட்டேன், முழிச்சிக் கெடங்க."

பள்ளம் ஆழம். கயிறு மெதுவாக. கணக்கிட முடிகிறது. விடை எனக்குப் பிடிக்கவில்லை.

நஃபீசா: "நாயகம் சார், பேசுங்க. எதாவது சொல்லிட்டே இருங்க சார். தேதி சொல்லுங்க."

தேதி தெரியும். சொல்லமாட்டேன். எழுத வேண்டியது வேறு.

கண்டெடுப்பவர் தரைக்குழுவிடம் சேர்ப்பிக்க. அடுத்த கப்பலில் எதை அனுப்பினாலும் உறையின்மேல் பெயர் எழுதவும். பெரிய எழுத்தில். கருப்பில் தெரியும்படி வெள்ளையில். உங்களால் ஆகாது. ஏழு பேருக்கும் ஆகாது. நானே எழுதிக் காட்டுகிறேன். பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பது

சானிட்