தராசில் மூன்று இலக்கம்

12 ஜூன் 2008
என் மனைவி செபாஸ்தியம்மாள் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வில் கணக்கில் மட்டும் தோற்றிருக்கிறாள். 29 மதிப்பெண். மற்ற பாடங்களில் தேர்ச்சி. ஆதாரம் (பத்திரிகை நிருபர் பழக்கம், வீட்டிலும் விடாது): இன்று தபாலில் வந்த மதிப்பெண் பட்டியல். உறையை நான்தான் பிரித்தேன்.

கார் ஓட்ட லைசென்ஸ் வைத்திருக்கிறாள். சரக்கு வண்டி ஓட்ட எட்டாவது தேறியிருக்க வேண்டும். அவள் தம்பி அருள்நாதன் துபாய் போகும்போது விட்டுச்சென்ற லோடு ஆட்டோ கொட்டகையில் சும்மா நிற்கிறது. இவள் பூக்கடைக்கோ செம்பட்டிப் பக்கத்திலிருந்து வாடகை வண்டியில் பூ வருகிறது. மொட்டாக வர வேண்டிய மல்லி, வண்டிக்காரனுக்காகக் காத்திருந்து பாதி மலர்ந்தே வந்து சேர்கிறது.

இரவு அருள்நாதன் போன் செய்தான். “அக்காட்ட சொல்லுங்க மாமா. தைக்குள்ள லைசென்ஸ் வரலைன்னா வண்டிய வித்துருவேன். துருப்பிடிக்கவா வாங்குனேன்?”

15 ஜூன்
டிசம்பர் தேர்வுக்கு நானே சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. தசமப் பின்னத்தில் ஆரம்பித்தோம். 0.5 பெரிதா, 0.25 பெரிதா என்று கேட்டேன்.

“இருபத்தஞ்சுதான் பெருசு.”

“0.5ன்னா அரை. அரை பெருசா, கால் பெருசா?”

“அரைன்னா ஐநூறுல்ல? இதுல அஞ்சுதான இருக்கு.”

குரலை உயர்த்திவிட்டேன்.

“உலை கொதிக்குது. அதையும் பேப்பர்ல போடுங்க” என்று எழுந்து போனாள்.

16 ஜூன்
சோறு இருந்தது. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லை. பேச்சும் இல்லை.

22 ஜூன்
ஞாயிறு. அவள் கடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஏன் அப்படிச் சொல்கிறாள்? தெரியாமல் மேலே போக மனம் வரவில்லை.

போன வருஷம் வாங்கிய மின்தராசு. கால் கிலோ கேட்டால் 0.250 வரும்வரை பூவை அள்ளிப் போடுகிறாள். அரைக்கால் என்றால் 0.125. அரை என்றால் 0.500. மதியம்வரை பார்த்தேன், 0.5 என்று ஒரு தடவைகூட அந்தக் கண்ணாடியில் வரவில்லை.

விஷயம் இதுதான். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அவள் கிராமாக வாசிக்கிறாள். தராசு எப்போதும் மூன்று இலக்கம் காட்டும். பாடப்புத்தகம் கடைசிச் சைபர்களை விட்டுவிடும். அதனால் 0.5 அவளுக்கு ஐந்து கிராம், 0.25 இருபத்தைந்து கிராம்.

பூச்சுற்றும் தாளில் 0.5 என்று எழுதி, பின்னால் இரண்டு சைபர் சேர்த்தேன். 0.25க்கு ஒன்று. மதிப்பு மாறாது, இனி எந்தக் கணக்கு வந்தாலும் முதலில் மூன்று இலக்கம் ஆக்கு என்றேன்.

அவள் தாளைப் பார்த்தாள். தராசைப் பார்த்தாள்.

“இம்புட்டுத்தானா? இத அன்னைக்கே சொல்லாம தொண்ட வத்தக் கத்துனீங்களே.”

6 ஜூலை
0.375ஐப் பின்னமாக்கச் சொன்னேன். “கால் கிலோவும் ஒரு அரைக்காலும்” என்றாள். கால் கிலோவில் எத்தனை அரைக்கால்? இரண்டு. ஆக மூன்று அரைக்கால். 3/8 என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

அடுத்து 5/8. நான் சரிபார்க்க வகுத்துக்கொண்டிருந்தேன். அவள் 0.625 எழுதிவிட்டு, “நீங்க வகுத்து முடிக்கிறதுக்குள்ள பூ மலந்துரும்” என்றாள்.

17 ஆகஸ்ட்
ஐந்தில் ஒரு பங்குக்குப் படிக்கல் கிடையாது என்று தயங்கினாள். கிலோவை ஐந்து பேருக்குப் பிரி என்றேன். ஆளுக்கு இருநூறு. 3/5 = 0.600. திரும்பி வரவும் வழி பிடித்துவிட்டாள்: 0.4 என்றால் நானூறு, ஆயிரத்தில் நானூறு, சைபர்களை அடித்தால் பத்தில் நாலு, சுருக்கினால் 2/5.

21 செப்டம்பர்
1/3.

“மூணு பேருக்கு முந்நூத்தி முப்பத்து மூணு. ஒரு கிராம் நிக்குதே, அத யாருக்குக் குடுக்க?”

அதையும் மூன்றாகப் பிரித்தால் மறுபடி மிச்சம் வரும், முடியவே முடியாது என்றேன்.

“முடியாத கணக்க எதுக்குப் பரிச்சையில வைக்கிறாங்க?”

மூன்று இலக்கத்தோடு நிறுத்தச் சொல்லிக் கேட்பார்கள் என்றேன். அப்படியானால் சரி என்றாள். ஆனாலும் அந்த ஒரு கிராம் அவளை விடவில்லை. சாப்பிடும்போதும் கேட்டாள்.

15 டிசம்பர்
தேர்வு முடிந்தது. தேர்வு மைய வாசலில் நின்றேன். “1/3 வந்துச்சு” என்றாள். மற்றதைப் பற்றிப் பேசவில்லை. சிரித்தாளா? சிரித்த மாதிரிதான் இருந்தது.

21 ஜனவரி 2009
கணக்கில் 81. அறிவிப்புப் பலகையில் அவளே விரல் வைத்து வாசித்தாள். இரண்டாவது ஆதாரம் தேடவில்லை. அவள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். என் கண்ணை அவள் பார்த்திருப்பாள்.

அருள்நாதன் போனில்: “தை பொறந்து ஒரு வாரந்தான் ஆகுது மாமா. வண்டி அவளுக்குத்தான். டயர மட்டும் மாத்தச் சொல்லுங்க.”

3 மார்ச்
ஓட்டிக் காட்டும் சோதனையும் முடிந்தது. வாசலில் வண்டி, புது பெயிண்ட். எழுத்து வேலைக்கு பொம்மையன் வந்திருந்தார். பக்கப் பலகையில் ‘பளு 0.5 டன்’ என்று எழுதி பிரஷ்ஷைத் துடைத்தார். ஐந்துக்குப் பின்னால் இரண்டு சைபர் போடச் சொன்னாள் அவள்.

“ரெண்டும் ஒண்ணுதானக்கா?”

“ஒண்ணுதான். என்னைய மாதிரி ஆளும் படிக்கணும்ல, போடுங்க.”

போட்டார். ஈரம் காய்கிறது.

லைசென்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் வரும் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை விடியலில் வருவதாகச் செம்பட்டித் தோட்டத்துக்குச் சொல்லிவிட்டாள்.