தராசுச் சின்னம்

ஓசூர்
5-2-67

தம்பிக்கு,

நலம் விசாரிக்க மனமில்லை. காங்கிரசும் கழகமும் மோதுகிற இடத்தில் சுயேச்சையாக நிற்கிறாய். டெபாசிட் தேறாது. எத்தனையோ சின்னம் இருக்க, தராசைத்தான் கேட்டு வாங்க வேண்டுமா? என் புளி மண்டி வாசலில் தொங்குவதும் தராசு. காங்கிரஸ் மில்காரர் கஞ்சிக்கு வாங்கும் புளியங்கொட்டைக் கொள்முதலை நிறுத்திவிட்டார். கழகத்து வண்டிக்காரர்கள் மூட்டை ஏற்ற மறுக்கிறார்கள்.

நீ சின்னம் வாங்கிய அன்றே சொன்னேன்: "தராசுக்கு ரெண்டே தட்டுதான்டா. மூணாவதை எங்க தொங்கவிடுவ?"

"முள்ளு இருக்குதுல்லண்ணா" என்று சிரித்தாய். உடனே நோட்டீஸ் அடித்துப் போட்டியிலிருந்து ஒதுங்கிக்கொள்.

நேற்று இரண்டு கட்சி ஏஜெண்டுகளும் ஒன்றாக மண்டிக்கு வந்தார்கள். ஒரே கடையில் டீ குடிக்காதவர்கள்! "மொதலாளி, எலெக்சன் முடியற வரைக்கும் அந்தத் தராசைக் கழட்டி உள்ள வெச்சிருங்க. யாவாரம் பழையபடி நடக்கும்" என்றார்கள். இத்தனை வருஷத்தில் இவர்கள் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

"அப்ப புளியை எதுல நிறுக்கறது? உங்க ரெண்டு பேர் நாக்குலயா?" என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

இதை ஆதரவு என்று மேடையில் உளறாதே. நீ செய்தது மடத்தனம்தான். வியாபாரிக்குத் தராசு வேண்டும், அவ்வளவே. அது வாசலிலேயே தொங்குகிறது. முள்ளில் துரு ஏறியிருந்தது. இன்று காலை எண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அண்ணன்