ஷப்னம் இல்லாத படம்

கெலாங் பாத்தா, ஜொகூர்
14 செப்டம்பர்

அன்புள்ள தம்பி சிவகணேசனுக்கு,

அக்கா சுபத்திரா எழுதுகிறேன். நீயும் பிள்ளைகளும் பெர்த்தில் சுகமாக இருக்க வேண்டும். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கீழே எழுதப்போவதில் அந்த அன்பு அவ்வளவாகத் தெரியாது.

ஏப்ரலில் நீ இங்கே வந்திருந்தபோது, கழுத்தில் அந்தப் பெரிய கேமராவோடு என் சமையலறை வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாய். “அக்கா, ரெண்டு பேரச் சேர்த்து வெளியில வெச்சுப் படம் எடுக்கணும். ஒருத்தர ஒருத்தர் நல்லாத் தெரிஞ்ச பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா?” மாடலுக்குக் காசு கொடுத்துக் கூப்பிட்டால் இரண்டு பேரும் அந்நியர்போல நிற்பார்கள், படத்தில் அது தெரிந்துவிடும் என்றும் சொன்னாய்.

நான் யோசிக்கவே இல்லை. லோஷினி, ஷப்னம் என்று சொல்லிவிட்டேன். முதலாம் ஆண்டிலிருந்து என் வகுப்பில் ஒரே மேசையில் உட்கார்ந்த பிள்ளைகள். இடம் மாற்றி உட்கார வைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுவார்கள். வளர்ந்த பிறகும் அப்படித்தான். லோஷினி விடியற்காலையில் பஸ் ஏறிப் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை செய்துவிட்டு வந்தால், நேராக ஷப்னத்தின் அப்பாவுடைய சாப்பாட்டுக் கடைக்குப் போய், கல்லாவில் இருக்கும் ஷப்னத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். வீட்டுக்குப் போவது அப்புறம்தான்.

அந்த இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. உன் படத்தால். லோஷினி அடுத்த வாரம் சிங்கப்பூரிலேயே அறை எடுத்துத் தங்கப் போகிறாள். இப்படியே போய்விட்டால் பிறகு சேர்த்துவைக்க யாராலும் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். வாட்சப்பில் நான் மூன்று முறை பேசி அனுப்பினேன், மூன்றுக்கும் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். மின்னஞ்சலுக்குக் கட்டைவிரல் காட்ட முடியாதாம், உன் அத்தான் சொன்னார்.

அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். “மெதுவா எழுதும்மா, அவனுக்குப் பிரஷர்” என்கிறார். எனக்கும் பிரஷர்தான் என்றேன். அதற்குப் பிறகு பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சரி, வரிசையாகச் சொல்கிறேன். நீ உன் வசதிக்கு மறந்திருப்பாய்.

பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்துக்கு நாம் நாலு பேரும் காலையிலேயே போனோம். கறுத்த மண் காலடியில் மெத்தை மாதிரி அமுங்கியது. உன்னைப் பார்த்து அன்று எனக்குப் பெருமையாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வகுப்பறையில் நல்ல ஆசிரியர் எப்படி இருப்பாரோ, அப்படி இருந்தாய். லோஷினி நெட்டை, ஷப்னம் குட்டை. நீ லோஷினியை ஒரு பழக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்காரவைத்து, இரண்டு தலையும் பக்கத்தில் வருமாறு செய்தாய். இரண்டு பேரின் கண்ணும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும், ஒருத்தி அரை அடி பின்னால் போனாலும் அவள் முகம் மங்கிவிடும் என்று எனக்கு விளக்கினாய். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர்கள் தவித்தபோது, ஒரு அன்னாசியைப் பறித்து இரண்டு பேரும் சேர்ந்து பிடிக்கச் சொன்னாய். “என்னப் பார்க்காதீங்க, ஒருத்திக்கு ஒருத்தி ஏதாச்சும் கதை பேசுங்க” என்றாய். லோஷினி உடனே, “டீச்சர் காருக்கு வைக்கிற தகரத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க பாருடி, கோயில் திருவிழாவுல விளக்கு பிடிக்கிற மாதிரி” என்றாள். ஷப்னம் சிரித்த சிரிப்பில் அன்னாசி கீழே விழுந்தது. நான் பிடித்தது தகரம் அல்ல, கார் கண்ணாடிக்கு வைக்கும் வெள்ளித்தாள் மறைப்பு. வெயிலை அவர்கள் முகத்துக்குத் திருப்ப நீதான் கொடுத்தாய்.

விழுந்த பழத்தை எடுக்க ஷப்னம் குனிந்தாள். அவள் தலையை மூடியிருந்த துடோங்கின் நுனியை அன்னாசி இலையின் முள் பிடித்துக்கொண்டது. நிமிர்ந்தபோது ஊசி தெறித்து, துணி முழுவதும் முள்ளோடு போய்விட்டது. இடுப்பு வரைக்கும் முடி. லோஷினி கூடையிலிருந்து பாய்ந்து வந்து, தன் ஷாலை உருவி அவள் தலைமேல் வீசிப் போர்த்தினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், அது பாதி அழுகைதான். நீ கிளிக் செய்தாய்.

ஷப்னம் அந்த இடத்திலேயே, தலையைக் கட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே சொன்னாள், “அங்கிள், அது மட்டும் வேணாம். அழிச்சிருங்க.” நீ கேமராவின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி அழித்தாய். அவள் பார்த்தாள். நானும் பார்த்தேன். திரும்பி வரும் வழியில் காரில், “அழிஞ்சிருச்சும்மா, நானும் பார்த்தேன்” என்று நான்தான் அவளுக்கு உறுதி சொன்னேன்.

உன் கேமராவுக்குள் இரண்டு அட்டைகள் இருக்கும், ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும், ஒன்றில் அழித்தாலும் மற்றதில் இருக்கும் என்று எனக்கு ஆகஸ்டு மாதம்தான் தெரியும். லோஷினி சொல்லித்தான் தெரியும். உனக்கு ஏப்ரலிலேயே தெரியும். பெர்த்துக்குப் போய்ப் பார்த்தபோதுதான் இருப்பதைக் கண்டேன், கடவுள் கொடுத்தது என்று நீ சொன்னாய். சிவா, கடவுளை இதில் இழுக்காதே. கண்டவுடன் அழித்திருந்தால் உன்னை ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். நீ அதை உங்கள் கேமராக் கழகத்துக்கு அனுப்பினாய். அவர்கள் அந்த மாதத்தின் சிறந்த படம் என்று தங்கள் இணையப் பக்கத்தில் போட்டார்கள்.

முதலில் பார்த்தது லோஷினி. அவள் செய்தது தப்புதான், அதை நான் அவளிடமே சொல்லிவிட்டேன். பார்த்ததும் சந்தோஷத்தில் இதயப் படம் போட்டு, “நானா இது!” என்று எழுதி, சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். அந்த வயதில் தன்னை அவ்வளவு அழகாக யாராவது எடுத்தால் யார்தான் நிதானமாக இருப்பார்கள்? பக்கத்தில் ஷப்னம் எப்படி இருக்கிறாள் என்று அவள் பார்க்கவே இல்லை. மறுநாள் ஷப்னத்தின் சொந்தக்காரப் பையன் ஒருவன் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே கைப்பேசியை நீட்டி, “இது நீதானே?” என்று கேட்டிருக்கிறான். ஐந்தாறு மேசைகளில் ஆட்கள் இருந்தார்களாம்.

எனக்குச் செய்தி வந்ததும், படத்தை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிடு என்று உன்னிடம் சொன்னேன். அதற்கு நீ என்ன செய்தாய் என்பதை இரண்டு முறை எழுத வேண்டும்போல இருக்கிறது, அவ்வளவு ஆத்திரம் வருகிறது. படத்தை நீக்கவில்லை. ஷப்னத்தை வெட்டிவிட்டு மீதியைப் போட்டாய். அதற்குத் ‘தோழி’ என்று பெயர் வேறு.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்கும்போது மாம்பழத்தை வைத்துத்தான் சொல்வேன். இரண்டு மாம்பழத்தில் ஒன்றைக் கழித்தால் ஒன்று மீதி. உன் படத்தில் அந்தக் கணக்கு வரவில்லை. அன்னாசிக் காட்டுக்கு நடுவில் ஒருத்தி, துணியை இரண்டு கையிலும் விரித்துக்கொண்டு, வெறும் காற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். ஓரத்தில் நாலு மயிரிழை தெரிகிறது. முன்பு படத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். இப்போது கெலாங் பாத்தாவில் பார்க்கிறவர்களெல்லாம், அந்த முடி யாருடையது, ஏன் வெட்டினார்கள் என்று கேட்கிறார்கள். முழுப்படம் வைத்திருக்கிறவன் எடுத்துக் காட்டுகிறான்.

ஷப்னம் நினைப்பது என்ன தெரியுமா? லோஷினிதான் உன்னிடம் சொல்லி வெட்டவைத்தாள் என்று நினைக்கிறாள். “அந்தப் படம் அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு டீச்சர். நான் இருந்தா எடுத்துறணும், நான் இல்லாட்டி வெச்சுக்கலாம். அதான் வெட்டச் சொல்லிட்டா” என்றாள். இல்லவே இல்லை என்று லோஷினி என் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து சத்தியம் செய்கிறாள். “டீச்சர், அந்தப் படத்துல என் கை எதுக்கு நீண்டிருக்குன்னு எனக்குத் தெரியும். அவள வெட்டிட்டு என்ன வெச்சுக்கச் சொல்ல நான் என்ன பைத்தியமா?” என்கிறாள். இதை அவள் ஷப்னத்திடம் சொல்லக் கடைக்குப் போனாள். ஷப்னம் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள். கல்லாவுக்குப் பக்கத்தில் அந்த நாற்காலியையும் காணோம்.

நான் போய்ச் சொன்னேன். போன வியாழக்கிழமை போனேன். ஷப்னத்தின் அம்மா சபீதா எப்போதும் என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள். அன்றைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல், “வாங்க டீச்சர், கேமரா கொண்டாந்திருக்கீங்களா?” என்றாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். அப்புறம் அவளே, “டீச்சர் கூடப் போறான்னுதான் அனுப்புனோம்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. ஒரு டம்ளர் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதை முழுதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஷப்னத்தைத் தனியாகப் பார்த்து, லோஷினி கேட்கவில்லை, என் தம்பிதான் வெட்டினான் என்று சொன்னேன். அவள் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், “படம் அழிஞ்சிருச்சுன்னும் நீங்கதான் டீச்சர் சொன்னீங்க.”

அதனால் என் வார்த்தைக்கு அங்கே இப்போது விலை இல்லை. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளிடம் சேர்த்து வைத்த பெயரை நீ ஒரு விரலால் அழித்துவிட்டாய். அது மட்டும் ஒரே தடவையில் அழிந்துவிட்டது பார்.

படத்தை எடுத்துவிடு என்று முதலில் சொன்னபோது நீ அனுப்பிய பதில் என்னிடம் இருக்கிறது. “முடிதானே அக்கா, முகம்கூடப் பாதிதான் தெரியுது. இங்க ஒருத்தரும் அத ஒரு விஷயமா நினைக்க மாட்டாங்க.” இங்கே என்றால் எங்கே? ஷப்னம் பெர்த்திலா கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள்? பக்கத்து வீட்டுக் கொய்யாக் கிளை நம் வேலிக்குள் சாய்ந்திருந்தாலும் நம் அம்மா கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் பறிப்பார், உனக்கு நினைவிருக்கும். கொய்யா பெரிய சாமானா என்று நாம் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை என்னிடம் சொன்னதையும் கேள். “என்ன வீட்டுல யாரும் திட்டல டீச்சர். என் முடிய யாருக்குக் காட்டணும்னு நான்தான் முடிவு பண்ணணும். அங்கிள்கிட்ட அன்னிக்கே என் வாயால சொன்னேன்ல?” உன் கலையிடம் அவள் கேட்டது அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் படம் பார்க்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொள்வாய். முழுப்படத்தையும் நான் பார்த்தேன். நன்றாக இருக்கிறது. ஒரு பிள்ளை பதறும்போது இன்னொரு பிள்ளை எப்படி ஓடிவருகிறது என்பதை அவ்வளவு தெளிவாக நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அதனால்தான் ஆத்திரம் ஆறவில்லை. இரண்டு பேரும் எப்படிப்பட்டவர்கள் என்று உன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் ஒருத்தியை வெட்டினாய்.

மற்றச் செய்திகள்: என் முழங்கால் பரவாயில்லை. கூரை ஒழுகுகிற இடத்தை ஆள் வந்து பூசிவிட்டுப் போனான், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. டிசம்பரில் நீ வருவதாகச் சொல்லியிருந்தாய். உன் அறையை ஒழித்துத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் நீ வந்தால் இந்த ஊரில் சாப்பிடப் போகும் முதல் கடை எது என்று நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு உன்னை எப்படி வா என்று எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வெட்டிய படத்தையும் முழுப்படத்தையும் இன்றைக்கே எடுத்துவிடு, அட்டையிலிருந்தும் எடுத்துவிடு. கழகத்தார் என்ன நினைப்பார்கள் என்று என்னிடம் சொல்லாதே. நீ நல்லவன் என்று எனக்குத் தெரியும். உன் பிள்ளைகளுக்கும் தெரியும். இந்த ஊரில் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் அது தெரியாமல் போய்விட்டது. கடவுள் உனக்கு நல்ல சுகத்தையும், இதைச் செய்வதற்கு வேண்டிய துணிச்சலையும் கொடுக்கட்டும்.

ஷப்னத்தின் எண் உன்னிடம் இருக்கிறது, படம் அனுப்புவதற்காக வாங்கினாய். மதியக் கூட்டம் கலைந்த பிறகு நீயே கூப்பிடு. எழுதி அனுப்பாதே, என் மூலமாகச் சொல்லாதே. “அழிக்காமல் வைத்திருந்தது நான், வெட்டியதும் நான், லோஷினி ஒன்றும் கேட்கவில்லை” என்று சொல். சொல்லி முடித்ததும் விளக்கம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இரு. அவள் திட்டினாலும் சரி, ஒன்றுமே பேசாவிட்டாலும் சரி, அவள் போனை வைக்கும்வரை நீ வைக்காதே.

இப்படிக்கு,
உன் அக்கா
சுபத்திரா