மூடுபனிக்குள் பதில் சொன்னவர்

போர்ட் எர்லன்
ஜூன் 28, ஞாயிறு

அன்புள்ள அலெக் அண்ணாவுக்கு,

ரோனா எழுதுகிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். மன்னித்துக்கொள். போனில் நீ "அப்புறம்?" என்று கேட்டதும் எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துவிடுகிறது. பட்டம் வாங்கியும் இந்தக் கூச்சம் மட்டும் போகவில்லை. அபர்டீனில் நாலு வருடமும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தேன்; விடை தெரிந்திருந்தாலும் தலையைக் குனிந்துகொள்வேன். கையில் பேனா இருந்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது. பொறுமையாகக் கடைசிவரை படி.

வீட்டில் எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மீன் கூடத்து வேலைக்கு வாரம் மூன்று நாள் போகிறாள். புயலில் பறந்த கூரை ஓடுகளை மாற்றியாயிற்று. உன் பெண் எஃபிக்குக் கண்ணாடி போட்டிருக்கிறோம். போட்ட நாளிலிருந்து ஊரையே அதட்டுகிறாள். நீ அனுப்பிய கங்காரு சட்டை அவள் தம்பி மர்டோவுக்குத் தோளில் இறுக்கிப் பிடிக்கிறது. கழற்றச் சொன்னால் மாட்டேன் என்கிறான். அவனுக்கு மே மாதம் ஏழு வயது முடிந்தது.

ஏழு என்று படித்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். கோட்டைக்குப் போய், மேலே நின்று ஒருவர் பேரைச் சொல்லிக் கூப்பிடவேண்டிய வருடம்.

யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று ஒரு மாதமாக அவனுக்கு யோசனை. "அப்பா பேரச் சொல்லவா?" என்று கேட்டான். அப்பா கடல் கடந்து துறைமுக வேலையில் இருக்கிறார், கீழே கரையில் நின்று பதில் சொல்ல முடியாதே, என் பேரைச் சொல் என்றேன். சரி என்று தலையாட்டினான். பின்கட்டில் ஒத்திகை பார்த்தோம். அவன் துணிக்கொடிக் கம்பத்தடியில் நின்று "ரோனா அத்தை!" என்று கத்துவான். நான் வேலிக்குப் பக்கத்திலிருந்து "இருக்கேன்" என்பேன். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இது என்னடி, பதிலா இல்ல பூனை கத்துதா? கடலுக்குக் கேக்க வேண்டாமா?" என்று சிரித்தாள். நானும் முயன்றுதான் பார்த்தேன் அண்ணா. என் தொண்டையில் அவ்வளவுதான் வருகிறது.

இந்த மாதம் முதல் சனிக்கிழமை நானும் பிள்ளைகளுமாக மூவரும் பஸ்ஸில் போனோம். வெயில் நன்றாக அடித்தது. பாறை நுனியில் கோட்டை பல் உதிர்ந்த வாய் மாதிரி நின்றது. கடலுக்குள் விழுந்த சமையல் கோபுரம் இருந்த பக்கம் இன்னும் ஒரு வரிசைக் கல் குறைந்திருக்கிறது. எஃபி எங்களை வெளிமுற்றத்தில் நிற்கவைத்து, வெண்ணெய் ரொட்டியை ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். வாசல் வளைவைத் தாண்டும்வரை தம்பி பிடித்த கையை விடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு வளைவின் மேல் ஏறினாள். நான் படியிறங்கிக் கூழாங்கல் கரைக்குப் போனேன்.

நான் கீழே போய்ச் சேரும்போதே ஹார், அந்தக் கடல் மூடுபனி, வந்துவிட்டது. அது வரும் வேகம் உனக்குத் தெரியும். கடல் காணாமல் போயிற்று, பிறகு பாறை, பிறகு என் செருப்பு. பக்கத்தில் எங்கேயோ யாரோ கூழாங்கல்லில் நடக்கும் சத்தமும் இரண்டு சின்னப் பெண்கள் சிரிக்கும் சத்தமும் கேட்டன. சுற்றுலா வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். வாயை ஈரப்படுத்திக்கொண்டு தயாராக நின்றேன்.

மேலேயிருந்து மர்டோவின் குரல் வந்தது. தெளிவாக, ஒரு நடுக்கமும் இல்லாமல் வந்தது. ஆனால் என் பேர் வரவில்லை.

"அப்பா!" என்று கூப்பிட்டான்.

 திறந்த வாய் திறந்தபடியே நின்றேன். அவன் இரண்டாம் தரம் "அப்பா!" என்றான். அப்போது எனக்கு இருபது அடி தள்ளி மூடுபனிக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், நல்ல கனத்த குரல், பதில் சொல்லிற்று. "இங்கதான் இருக்கேன்! அங்கேயே நில்லு, அசையாத! நான் வர்றேன்!"

படிகளில் தடதடவென்று காலடி கேட்டது. மர்டோ நிற்கவில்லை, ஓடி இறங்கிவிட்டான். நான் சத்தம் வந்த திசையில் தடுமாறிப் போனேன். ஹாருக்குள் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது. அதன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நம் மர்டோ. இரண்டு கையாலும் கோட்டைப் பிடித்திருந்தான். அந்த மனிதர் என்ன செய்வது என்று தெரியாமல் அவன் தலையில் கையை வைத்தபடி நின்றார். அவருடைய பெண்கள் இருவரும் அவர் பின்னால்தான் நின்றிருக்கிறார்கள்; ஹாரில் அவருக்கு அது தெரியவில்லை. தன் பிள்ளைதான் மேலே மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறது என்று நினைத்துவிட்டார்.

மர்டோ தலையை நிமிர்த்திப் பார்த்தான். அந்த முகத்தைப் பற்றி உனக்கு எழுத எனக்குத் தெரியவில்லை. அழவில்லை. கையை மெதுவாக எடுத்துக்கொண்டு, "நீங்க எங்கப்பா இல்ல" என்றான். அவர், "இல்லப்பா. மன்னிச்சுக்கோ" என்றார். "அப்பா குரல் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றான் மர்டோ.

அண்ணா, அவனுக்கு உன் குரல் மறந்துவிட்டது. போனில் நீ பேசுவதைப் பாதி காற்றும் பாதி இரைச்சலும் தின்றுவிடுகின்றன. இதை உன்னிடம் மறைக்க நான் விரும்பவில்லை.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுப் பையனை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். எனக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் எஃபி படியிறங்கி வந்து, கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பதில் சொன்னது நீங்கதானே?" என்றாள். ஆமாம் என்றார். "அப்ப இனிமே இவனக் கடல் கொண்டு போனா நீங்கதான் தேடி வரணும்."

அவர் விழித்தார். எஃபி நின்றபடியே அவருக்குக் கதையைச் சொன்னாள். அந்தக் காலத்தில் சமையல் கோபுரம் கடலுக்குள் சரிந்தபோது, மகள் அம்மா கையில் இருக்கிறாள் என்று கோட்டைப் பிரபு நினைத்துக்கொண்டு ஓடினார். அப்பா கையில் இருக்கிறாள் என்று சீமாட்டி நினைத்துக்கொண்டு ஓடினாள். வெளியே வந்து பார்த்தால் இரண்டு பேர் கையிலும் இல்லை. "அதனாலதான் எங்க ஊர்ல ஏழு வயசானா மேல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடணும். கீழ இருக்கறவங்க கேட்டுப் பதில் சொல்லணும். அப்பதான் யார் கையில யாருன்னு எல்லாருக்கும் தெரியும். பதில் சொன்னா சொன்னதுதான், மாத்த முடியாது."

அவர் பேர் கிளைவ். டார்பியில் பஸ் ஓட்டுகிறாராம். "எனக்கு நீச்சலே தெரியாதேம்மா" என்றார். "படகுல வாங்க" என்றாள் எஃபி. "டார்பிலேர்ந்தா? எங்க ஊர்ல கடலே கிடையாது." அவருடைய பெரிய பெண் குறுக்கே புகுந்து, "அப்பாவுக்குக் குளத்துல கால் நனைஞ்சாலே சளி பிடிக்கும். உங்க தம்பி பாவம்" என்றாள். மர்டோ கூடச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்போடு ஏதோ இளகிற்று.

சின்னப் பெண் எஃபியிடம், "உனக்கு யாரு பதில் சொன்னாங்க?" என்று கேட்டாள். "எங்கம்மா" என்றாள் எஃபி. அவங்க எங்கே என்று அந்தப் பிள்ளை கேட்க, "செத்துட்டாங்க. ஆனா பதில் சொன்னாங்க. எல்லாருக்கும் கேட்டுச்சு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எஃபி கூப்பிட்ட அன்றைக்கு இசபெல் அண்ணி நோயோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்து, உன் தோளைப் பிடித்து எழுந்து நின்று, இருந்த மூச்சையெல்லாம் போட்டுக் கத்தியது எனக்கும் இன்னும் காதில் இருக்கிறது.

கிளைவ் தொப்பியைக் கழற்றிவிட்டார்.  பிறகு மர்டோவுக்குச் சமமாகக் குனிந்து, "சரி. சொன்னது சொன்னதுதான். ஆனா உங்கப்பா வந்து பதில் சொன்னா நான் விலகிக்கலாமா?" என்று கேட்டார். மர்டோ எஃபியைப் பார்த்தான். "வந்து சொன்னா விலகிக்கலாம். போன்ல சொன்னா செல்லாது" என்றாள் எஃபி.

ஹார் விலகியதும் நாலு பிள்ளைகளும் வளைவைத் தாண்டி உள்ளே போனார்கள். மர்டோ கையை வீசிக்கொண்டு, யாரையும் பிடிக்காமல் போனான். பழைய அடுப்புக் குழிக்குள் தலையை விட்டு, முகமெல்லாம் பாசியோடு வெளியே வந்து தான்தான் பிரபு என்றான். பிரபுவின் மகள் விழுந்த பக்கத்து ஜன்னல் வழியாகத் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கடலில் போட்டான். "அவளுக்குப் பசிக்கும்ல?" என்றான். கடற்பறவை தூக்கிக்கொண்டு போனதும் மீதிப் பாதியையும் போட்டான். இருட்டும்வரை இருந்திருப்பார்கள்; கடைசி பஸ்ஸுக்காக இழுத்துக்கொண்டு வந்தேன்.

இதில் அவ்வளவு எழுத என்ன இருக்கிறது என்பாய். இதோடு முடிந்திருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன். போன செவ்வாய்க்கிழமை, எஃபி எழுதிக் கொடுத்திருந்த விலாசத்துக்கு, மர்டோ பேருக்கு டார்பியிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "அன்புள்ள மர்டோ, நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். என் வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் ஆறு வயது. இதுவரை தண்ணீர் மூக்கில் மட்டும்தான் போயிருக்கிறது. உன் அப்பா வரும்வரை கடல் பக்கம் ஜாக்கிரதையாக இரு. இப்படிக்கு கிளைவ்."

மர்டோ அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனான். ஊரே படித்துவிட்டது. ரொட்டிக் கடையில், "என்னடா, உன் டார்பி அப்பா நீந்தப் பழகிட்டாரா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவன் கோபப்படுவதில்லை. "இன்னும் மூக்குலதான் போகுது" என்று நிதானமாகப் பதில் சொல்கிறான். அம்மாதான் சிரிக்கவில்லை. அட்டையை இரண்டு தரம் படித்துவிட்டு, "ஊரான் கப்பலையெல்லாம் இழுவைப் படகுல கயிறு போட்டு இழுத்துக் கரை சேக்கிறான் எம்புள்ள" என்று மட்டும் சொன்னாள். அந்த அட்டையை மர்டோ தன் தகரப் பெட்டியில், நீ ஹெட்லண்ட் துறைமுகத்திலிருந்து முதன்முதலில் அனுப்பிய படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். மேலே இல்லை. பக்கத்தில்தான். அதைக் கவனித்துப் பார்த்தேன்.

அண்ணா, நீ ஆறு மாதம் என்று சொல்லிப் போனாய். இருபது மாதம் ஆகிறது. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இந்தக் கரையில் எங்கே திரும்பினாலும் அண்ணி நிற்கிறாள். வந்தால் அவள் இல்லை என்பது உறுதியாகிவிடும் என்று பயப்படுகிறாய். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் அன்றைக்கு எஃபி "பதில் சொன்னாங்க" என்று சொன்னபோது அது ஒரு பிடி குறைந்தது.

என்னைப் பற்றியும் ஒன்று. கிளாஸ்கோவில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. அக்டோபரில் தொடங்குகிறது. போன வருடமும் கிடைத்தது. வர முடியாது என்று எழுதிவிட்டேன். இந்த வருடத்துக் கடிதத்துக்கு இன்னும் ஒன்றும் எழுதவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எனக்குப் பாரமில்லை, அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் சில நாட்களில் கரையிலிருந்து தள்ளிப் போய்க்கொண்டே இருப்பதுபோல் இருக்கிறது. கத்தத் தெரியாதவள், யாருக்கும் கேட்பதில்லை.

பிள்ளைகள் உன்னை வரச் சொல்லி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் பேரைச் சொல்லி உன்னைக் கூப்பிட மாட்டேன். என் பேரால்தான் கேட்கிறேன். எனக்கு ஏழு வயதானபோது அப்பா மீன்பிடிக்கப் போயிருந்தார். வளைவின் மேல் நின்று நான் உன் பேரைத்தான் சொன்னேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னேன் என்று அம்மா இன்றும் கேலி செய்கிறாள். பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்கவில்லையாம். கீழே பதினாலு வயதில் நின்ற உனக்கு எப்படிக் கேட்டதோ, "இருக்கேன் ரோனா!" என்று நீ கத்தியதில் கோட்டைப் பறவைகள் அத்தனையும் கிளம்பின. பதில் சொன்னால் சொன்னதுதான் இல்லையா?

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை கடல் நன்றாக வற்றுகிறது, அட்டவணையில் பார்த்துவிட்டேன். மர்டோவை வளைவின் மேல் ஏற்றி நிறுத்துகிறேன். எதற்கு என்று சொல்லமாட்டேன். நீ கூழாங்கல் கரைக்கு வந்து நின்றால் போதும். மற்ற எதையும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அண்ணா, இந்தத் தடவையும் மெதுவாகத்தான் கூப்பிடுகிறேன். வா.

உன் தங்கை,
ரோனா