லைன் கட்டாகவில்லை

இஞ்சாருங்கோ,

எனக்கு வயிற்றில் பூச்சியே இல்லையாம்! மாமி தந்த பூச்சிக் குளிசையெல்லாம் வீண். நான் நித்திரையில் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தத்தைக் கட்டாரிலிருந்து பதிந்து அனுப்பினீங்களே, அதைப் பல் டொக்டருக்குப் போட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டார். "பூச்சிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைப் பிள்ளை. பகலிலை மனசுக்குள்ளை அடக்கிறது, நித்திரையிலை தாடையாலை வெளியிலை வருது" என்றார்.

அச்செடுத்து, மேல்பல்லில் மாட்டிக்கொண்டு படுக்க ஓர் உறையும் செய்து தந்தார். கண்ணாடி மாதிரி இருக்கிறது! ஒரு கிழமையாகத் தலையிடியே இல்லை. நேற்றுக் கல்லுமாதிரிக் காய்ந்த பனங்கிழங்குப் புழுக்கொடியல்கூடக் கடித்துத் தின்றேன், நம்புவீங்களோ!

"ஏதும் யோசனை இருக்கோ?" என்றும் டொக்டர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எப்போது தொடங்கியது என்று கேட்டபோது, மாமி முந்திக்கொண்டு "கார்த்திகை விளக்கீட்டோடை" என்றார். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே நிற்கட்டோ என்று நீங்கள் கேட்டதும் அந்த விளக்கீட்டன்றுதான். நான் ஓம் என்றேன்.

மாமிக்கு முன்னால் இதெல்லாம் போனில் கதைக்க முடியுமா? பக்கத்து வீட்டுக் கஜானியின் அண்ணை நாளை அங்கே வருகிறார். புழுக்கொடியலோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

உறை மாட்டிய முதல் இரவு, வழமைபோல உங்களோடு கதைத்த போனை அணைக்காமல் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் படுத்தேன். நீங்கள்தான் "லைன் கட்டாச்சோ? இஞ்சாரும், இருக்கிறீரோ?" என்று கத்தி எழுப்பினீங்கள்.

நான் இருந்தேன். சத்தம்தான் இல்லை. இனி அவ்வளவு தூரத்துக்குக் கேட்காது. என் மூச்சுச் சத்தம் மட்டும்தான். அது பக்கத்தில் படுக்கிறவருக்குத்தான் கேட்கும்.

நீங்கள் 'இஞ்சாரும்' என்று கூப்பிடுகிறவள்