அவன் மூன்று முறை தட்டினான்

திங்கள், 6 ஜூன் 1955

கச்சான், மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று. காலையிலிருந்தே வாயெல்லாம் புழுதி. கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனி மூட்டை அடுக்கும் வேலை. சட்டைப் பொத்தான் ஒன்று போயிற்று.

இன்று குஸ்திக் கிளப்பில் பெயர் கொடுத்தேன். வீட்டில் சொல்லவில்லை. கடற்கரைப் பக்கம் போகிறேன் என்று உம்மாவிடம் சொன்னேன். கிளப்பும் அந்தப் பக்கம்தான்.

ஏன் சேர்ந்தேன் என்பதை இங்கே மட்டும். போன வியாழன் அக்கரைப்பற்று பஸ்ஸில் கண்டக்டர் என் கன்னத்தில் அறைந்தான். மிதிபலகையில் நிற்காதே என்றான், நான் ஏதோ பதில் சொன்னேன், உடனே அறை. நான் என்ன செய்தேன்? உள்ளே போய் உட்கார்ந்தேன். வியர்வை துடைப்பது போல கைலேஞ்சியால் முகம் துடைத்தேன். இரண்டு இருக்கை தள்ளி சலீம் மச்சான். நபீசாவின் காக்கா, அண்ணன். நபீசாவை எனக்குப் பேசி முடித்து நாலு மாதம். சலீம் எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அறை வலிக்கவில்லை. அவன் திரும்பியது இன்னும் வலிக்கிறது.

கிளப் ஒரு தென்னை வளவுக்குள். மண்ணைக் கொத்திக் கிளறி, உமி கலந்து, அதன் மேலே விரித்த படங்கு, கித்தான் துணி. நடத்துவது தையற்காரர் காசிம் காக்காவும் இன்னும் இரண்டு பேரும். ஒருவருக்கும் கூலி கிடையாது. படங்கு காசிம் காக்கா தன் கையால் தைத்தது.

அவர் சொன்ன சட்டம்:
முழங்கால் மறைய உடுக்க வேண்டும். பள்ளிவாசலை நடத்தும் மரைக்கார்மார் அந்தப் பேச்சில்தான் கிளப்பை விட்டிருக்கிறார்கள்.
நகம் வெட்ட வேண்டும்.
பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்லுமுன் கலைய வேண்டும்.
பிடி தாங்காதவன் படங்கிலோ பிடித்தவன் மேலோ தட்டுவான். தட்டினால் அந்த நொடியே விட வேண்டும்.

நாலாவதை இரண்டு தரம் சொன்னார். "வெளங்குதா தம்பி?" "ஓம் காக்கா."

புதன், 8 ஜூன்

முதல் நாள். ஐந்து தரம் விழுந்தேன். வாய்க்குள் உமித் தூசி.

என்னோடு சோடி சேர்த்தது உதுமாலெவ்வையை. மருதமுனையில் தறி நெய்கிறவன். சின்ன வகுப்பில் என்னோடு படித்தவன். இப்போது கல்யாணமாகி ஒரு பிள்ளை. (முழுப் பெயர் எழுத நீளம். இனி உ.லெ.) ஒல்லி ஆள், ஆனால் தோளும் கையும் தேக்கங்கட்டை. விழுத்திவிட்டுத் தானே கை கொடுத்துத் தூக்கி விடுகிறான்.

முழங்கை இரண்டிலும் தோல் இல்லை. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் சோறு தின்றேன்.

புதன், 15 ஜூன்

காற்று இன்னும் நிற்கவில்லை. மண்ணெண்ணெய் வரவில்லை, கடையில் சனம் ஏச்சு.

கிளப்பில் எண்ணிப் பார்த்தேன். இன்று மட்டும் ஏழு தரம் தட்டினேன். நான் தட்டினால் அவன் விடுகிறான், ஒரு மூச்சுக்கூடப் பிந்துவதில்லை.

உ.லெ. சிரித்துக்கொண்டு, வகுப்பில் என்னைக் கூப்பிட்ட அதே பெயரில்: "நோகுமுன்னமே தட்டுறாயே பாவா. கொஞ்சம் தாங்கிப் பாருகா. எனக்கிட்டப் பயமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சைக்கிளில் வரும் வழியெல்லாம் அதே வாசகம்.

சனி, 18 ஜூன்

சலீம் கடைக்கு வந்தான். ஒரு போத்தல் தேங்காயெண்ணெய். போகும்போது:

"நீயும் குஸ்திக்குப் போறயாமே?"

"ஓம் மச்சான்."

"நாளைக்குக் கூட்டாளிமாரோட வாறன். பாப்பம்."

பாப்பம் என்று சொன்ன விதம். பஸ் ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்கும்.

ஞாயிறு, 19 ஜூன்

எழுத ஏலாமல் இருக்கிறது.

திங்கள், 20 ஜூன்

கடைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

நடந்தது.

வேலியோரம் சலீமும் இரண்டு பேரும். முதல் தரம் உ.லெ. என்னை விழுத்தினான். சலீமின் கூட்டாளி ஒருவன், "இதுதானா ஒன்ட மச்சினன்?" என்றான். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னான். இரண்டாம் தரம் உ.லெ.யின் கால் படங்கு மடிப்பில் இடறிற்று. அவன் குப்புற விழ, நான் மேலே. அவனுடைய வலக்கை என் பிடிக்குள். முதுகுக்குப் பின்னால் மடக்கித் தூக்கினேன். எத்தனையோ தரம் அவன் எனக்குச் செய்த அதே பிடி.

தட்டினான். ஒன்று.

வேலிப்பக்கம் "ஆ!" என்று சத்தம். சலீமின் குரல். தட்டினான், இரண்டு. என் கெண்டைக்காலில்தான் தட்டினான். விரல்கள் ஐந்தும் தெரிந்தன. தெரியவில்லை என்று நான் எங்கே சொன்னாலும் பொய். இன்னும் கொஞ்சம் சலீம் பார்க்கட்டும் என்று நினைத்தேன். நினைக்க நேரம் இருந்தது. அதுதான்.

மூன்று. கூடக் கொஞ்சம் தூக்கினேன்.

தோளுக்குள் ஒரு சத்தம். ஈரத் தடி முறிவது போல. உ.லெ. கத்தவில்லை. "அல்லா" என்று படங்குக்குள் சொன்னான்.

காசிம் காக்கா ஓடி வந்தார். "என்னகா நடந்த?"

என் வாய் தானாகச் சொன்னது: "தட்டினது தெரியல்ல காக்கா."

உ.லெ. படங்கில் கிடந்தபடி என்னைப் பார்த்தான். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டு வண்டியில் ஏற்றி, காரைதீவு எலும்பு முறிவுப் பரியாரியிடம் கொண்டு போனார்கள். நான் வண்டிக்குப் பின்னால் பாதித் தூரம் நடந்தேன். பிறகு நின்றுவிட்டேன்.

புதன், 22 ஜூன்

கடையில் சாமான் வாங்க வந்த மீன்காரர் ஒருவர்: "மருதமுனையான்ட கையக் கழட்டின ஆள் நீங்களா? இந்த ஒடம்பாலயா!" பக்கத்தில் நின்றவர்கள் சிரிப்பு. எனக்கு ஒரு மரியாதை வந்திருக்கிறது.

சலீம் வந்து தோளில் கை போட்டான். "அண்டைக்கி பஸ்ஸுக்குள்ளயும் இப்பிடிச் செஞ்சிருக்கணும் நீ." முதல் தடவையாக அந்தப் பேச்சை எடுத்தான். கை போட்டது நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பின்னேரம் மாமி, நபீசாவின் உம்மா, வட்டிலப்பம் கொடுத்தனுப்பினா. நபீசா அவித்ததாம். முழுவதும் தின்றேன்.

வெள்ளி, 24 ஜூன்

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு மருதமுனை. கையில் ஒரு டசின் முட்டை.

உ.லெ. பாயில் சாய்ந்து இருந்தான். வலக்கை நெஞ்சோடு கட்டு. பச்சிலை எண்ணெய் மணம். ஒன்றரை மாதம் கை அசைக்கக் கூடாது என்று பரியாரி சொல்லியிருக்கிறார். தறியில் ஊடு நூல் கொண்டோடும் நாடாவின் கயிற்றை இழுப்பது வலக்கைதான். ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கொடுக்க வேண்டிய சாரன், தறியில் முக்கால் முழம் நெய்தபடி நிற்கிறது.

அவன் மனைவி சைனம்பு தேத்தண்ணி தந்தா. இடுப்பில் பிள்ளை. "வெளையாட்டுல பட்டதுக்கு நீங்க என்ன செய்ற? வந்து பாத்தீங்களே, அது போதும்."

உ.லெ. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வரும்போது சலாம் சொன்னேன். பதில் சலாம் சொன்னான்.

தேத்தண்ணியில் சீனி கூட. எனக்காகக் கூடப் போட்டிருக்கிறா.

ஞாயிறு, 26 ஜூன்

காசிம் காக்காவின் கடை. தையல் மெசினுக்கு முன்னால் நின்றே சொன்னேன்.

"காக்கா, அவன் தட்டினது எனக்குத் தெரியும். நான்தான் விடல்ல."

அவர் மிதித்த காலை நிறுத்தவில்லை. ஒரு தையல் முடித்து நூலை வெட்டிய பிறகு:

"நான் கண்டன்."

"கண்டீங்களா?"

"மூணு தரம் தட்டினான். நான் கண்டன் தம்பி. ரெண்டாவதுலயே நான் வந்து பிரிச்சிருக்கணும். நீ வெல்லப் போறாய் எண்டு நானும் பாத்துக்கிட்டு நிண்டுட்டன்."

பிறகு குரலை இறக்கினார். "வெளிய சொல்லாத. வேணுமெண்டு செஞ்ச எண்டு தெரிஞ்சா மரைக்கார்மார் கிளப்ப மூடிப்போடுவாங்க. இருவத்தஞ்சு பேர் வாறாங்க. ஒன் ஒருத்தனுக்காக எல்லாரையும் கெடுக்கச் சொல்றயா?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் வெட்டிய துணித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சொல்லாதே என்று சொல்லிவிட்டார். வெளியே வந்தபோது எனக்கு ஒரு ஆறுதல். அந்த ஆறுதல்தான் வீடு வரை என்னைத் தின்றது.

செவ்வாய், 28 ஜூன்

மருதமுனை. சைனம்பு கிணற்றடியில். உ.லெ. தனியே.

"உதுமா, நீ தட்டினது எனக்குத் தெரியும்."

"தெரியாம என்ன. ஒன்ட கால்லதானே தட்டின."

"அண்டைக்கே ஏன் சொல்லல்ல?"

"நீ சொல்றாயா எண்டு பாத்தன். ஒம்பது நாள்."

பொருந்திக்கொள் என்று கேட்டேன். மன்னித்துவிடு என்று அழுதேன், சிறு பிள்ளை மாதிரி. அவன் அழுகை முடியும் வரை பொறுத்திருந்தான்.

"இப்ப சொல்லி நீ பாரத்த எறக்கிட்டாய். எனக்கு? இந்தத் தறிக்கு?"

என்ன செய்ய வேண்டும், சொல், செய்கிறேன் என்றேன்.

அவனுக்குத் தம்பி முறையான ஒருவன் காலையில் வந்து நெய்து தருவானாம். ஆனால் நாடாவுக்குள் வைக்கிற நூல் குச்சி, தார், அதைச் சுற்ற ஆள் இல்லை. சைனம்புதான் சுற்றுவா, இப்போது பிள்ளையையும் பார்த்து, இவனையும் பார்க்க வேண்டும்.

"அசருக்குப் பொறகு, பின்னேரம் வா. தார் சுத்து. வாசல்லதான் ராட்டை. உள்ளுக்க எடம் இல்ல."

தார் சுற்றுவது பெண்களும் பிள்ளைகளும் செய்கிற வேலை. வாசலைக் கடந்துதான் முழுத் தெருவும் போகும். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வருகிறேன் என்றேன்.

வியாழன், 30 ஜூன்

நேற்றும் இன்றும் போனேன். நேற்று மூன்று தார், மூன்றும் தளர்வு. உ.லெ. பிரித்துத் திரும்பச் சுற்றச் சொன்னான். இன்று ஐந்து. வலக்கையால் ராட்டை, இடக்கையால் நூல். விரல் நுனி வெட்டு.

போகிற வருகிற பெண்கள் முந்தானையால் வாய் மூடிச் சிரிப்பு. "ஆம்பிளப் புள்ள தார் சுத்துது!" நான் குனிந்தே இருந்தேன்.

சைனம்பு இன்னும் விளையாட்டில் பட்டது என்றே நினைக்கிறா. "எவ்வளவு நல்ல மனசு" என்று பக்கத்து வீட்டுக்குச் சொன்னது கேட்டது. செருப்பால் அடித்தாலும் தாங்கியிருப்பேன்.

ஞாயிறு, 3 ஜூலை

வெயில். மேகம் வந்து கலைந்தது.

சலீம் மருதமுனைக்குச் சாரன் வாங்க வந்திருக்கிறான். வாசலில் என்னைக் கண்டு சைக்கிளை நிறுத்தினான்.

"என்ன வேல இது? எழும்பு! ஊர் பாக்கிது. தங்கச்சிய ஒனக்குப் பேசி வெச்சிரிக்கி, மறந்திட்டயா?"

"இரி மச்சான், இத முடிச்சிட்டு."

"தோத்தவன்ட வாசல்ல வந்து பொம்பளட வேல செய்றாய். வெண்டவன் நீ!"

அந்தச் சொல்தான். வென்றவன். நான் எழும்பினேன். நூல் மடியிலிருந்து விழுந்து உருண்டது.

"வெல்லல்ல மச்சான். அவன் தட்டினான். மூணு தரம் தட்டினான், எனக்குத் தெரியும். நீ பாத்துக்கிட்டு நிண்டாய். அதனால விடல்ல."

உரக்கத்தான் சொன்னேன். தெருவில் ஐந்தாறு பேர். சலீம் பஸ்ஸில் பார்த்தது போலவே பார்த்தான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

திரும்பினால் கதவடியில் சைனம்பு. கையில் எனக்குக் கொண்டு வந்த தேத்தண்ணி. அதை அப்படியே உள்ளே கொண்டு போனா.

திங்கள், 4 ஜூலை

பேச்சுப் பரவிவிட்டது. மரைக்கார் ஒருவர் காசிம் காக்காவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். கிளப் இப்போதைக்கு நிற்பாட்டு. படங்கைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு போனாராம். இருபத்தைந்து பேருக்கும் இனி அந்த மண் இல்லை. அதுவும் என் கணக்கில்தான்.

அவருடைய கடையைக் கடக்கும்போது சைக்கிளை விட்டு இறங்கினேன். கூப்பிட்டார். "நீ சொன்னதுக்கு நான் ஏசல்ல. நானும் கண்டன் எண்டு மரைக்காருக்குச் சொல்லிப்போட்டன். அதாலதான் மூடின." அவ்வளவுதான். மெசின் சத்தம் தொடங்கிற்று.

மருதமுனைக்குப் போனேன். வாசலில் ராட்டை இருந்தது, நூல் இருந்தது. தேத்தண்ணி இல்லை. சைனம்பு பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல்:

"இவருக்கும் நான்தான் ஊட்டுறன். இடக்கையால தின்ன வெக்கப்படுறார்."

ஆறு தார் சுற்றினேன். தலை தூக்கவில்லை.

புதன், 6 ஜூலை

சங்கக் கடையில் மா வந்தது. முதுகெல்லாம் வெள்ளை. அப்படியே போனேன்.

நபீசா வீட்டிலிருந்து மூன்று நாளாக ஒரு சொல்லும் இல்லை. உம்மா அடிக்கடி வாசலைப் பார்க்கிறா, கேட்கவில்லை.

நான் ராட்டைக்கு முன் உட்கார்ந்ததும் சைனம்பு வந்து தூணோடு நின்றா.

"ஒங்கட மாமி இண்டைக்குக் காலத்தால இஞ்ச வந்தாங்க."

என் கை நின்றது.

"ஊர்ல பேசிறது உள்ளதா எண்டு கேட்டாங்க. ஓம், தெரிஞ்சுதான் விடல்ல எண்டு சொன்னன்."

"சரி" என்றேன்.

"அசருக்குப் பொறகு தெனம் வாறார், வாசல்ல குந்தித் தார் சுத்துறார் எண்டும் சொன்னன். ரெண்டும் உள்ளதுதானே."

"மாமி என்ன சொன்னாங்க?"

"தறியப் பாத்தாங்க. இவர்ட தோளப் பாத்தாங்க. போயிட்டாங்க."

உள்ளேயிருந்து உ.லெ.யின் குரல்: "வெள்ள நூல் முடிஞ்சிட்டா பாவா? முடிஞ்சா நீலத்த எடு."

எடுத்தேன். ஒன்பது தார். மூன்று தளர்வு.