உனக்காக நான் வைத்த கையெழுத்து

மச்சான்,

இன்று காலை மகள் சுதா வீட்டுக் கேற்றுக்குப் பச்சைப் பெயின்ற் அடிக்கத் தொடங்கினாள். இந்த நாவற்குடா வீட்டின் அளவு உனக்குத் தெரியும். வாசலில் அடித்த பெயின்ற் குசினிக்குள் வந்து என் தேத்தண்ணியிலும் மணத்தது. "கிட்ட வராதீங்க அப்பா, சாரத்தில பட்டுரும்" என்றாள். மூன்று நாளாக அவள் என்னோடு அளந்துதான் பேசுகிறாள். அதில் இது நீளமான பேச்சு. நான் கோப்பையோடு தள்ளி நின்றேன். அந்த மணத்தில் எனக்கு நம் வயல் வட்டையும், வாய்க்கால் மடையும், தண்ணீருக்குள் நின்ற நீயும் ஞாபகம் வந்தீர்கள்.

அன்று அங்கே "புதிய மடைக் கதவு பொருத்தப்பட்டது" என்று பலகை நட்டு ஒரு கிழமை இருக்கும். நான் கரையில் நின்றே பார்த்துவிட்டு, "பச்சைப் பசேலெண்டு இரிக்கு, நல்ல கதவு" என்றேன். நீ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினாய். சாவியால் ஒரு மூலையைச் சுரண்டினாய். பச்சைக்குக் கீழே துரு. துரு உதிர்ந்த இடத்தில் ஓட்டை.

"என்ட ரெண்டு விரல் போகுது மச்சான். தண்ணி போகாதா?" என்றாய்.

அந்தக் கதவு மூடாவிட்டால் தண்ணீர் பாதி வழியிலேயே வடிச்சல் ஓடைக்குள் விழுந்துவிடும். கடைசியில் இருக்கிற உன் வயலுக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வராது. என் வயல் தலைப்பில் இருக்கிறது. கதவு எப்படி இருந்தாலும் எனக்குத் தண்ணீர் வரும். என் கண்ணுக்கு அது புதிதாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

அந்த வருசம் நாட்டில் எதைத்தான் நாங்கள் ஒழுங்காகப் பார்த்தோம்? உரம் இல்லை, டீசல் இல்லை, காஸ் இல்லை. இருந்ததெல்லாம் செய்திதான். என் போனுக்குள் வந்ததை எல்லாம் நான் மற்றவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கல்லடிப் பக்கம் காஸ் லொறி வருகிறதாம் என்று ஒருநாள் வந்ததை வட்ஸ்அப்பில் நாலு குழுவுக்குத் தட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சனம் வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடியது. அந்தச் சனத்தைப் பார்த்ததும் செய்தி மெய்தான் என்று நம்பி நானும் என் சிலிண்டரைக் கொண்டுபோய்ப் பின்னால் நின்றேன். நான் கிளப்பிய வதந்திக்கு நானே வெயிலில் லைன் நின்ற கதையை நீ எத்தனை பேருக்குச் சொல்லிச் சிரித்திருப்பாய்! அன்று போனில் நீ கேட்டதும் ஞாபகம் இருக்கிறது.

"ஆர் சொன்ன?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் எண்டா ஆர்? ஒராளிட பேரச் சொல்லு."

எனக்கு ஒரு பேரும் வரவில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன், நீ பத்தில் கோட்டைவிட்டவன். அந்த ஒரு வகுப்பில்தான் இதையெல்லாம் படிப்பித்திருக்கிறார்கள் என்று உன்னைச் சமாளித்தேன்.

கதவைச் சுரண்டிப் பார்த்த பிறகு நீ சும்மா இருக்கவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, கேட்டால் எழுத்தில் பதில் தந்தே ஆகவேண்டும் என்று எங்கேயோ அறிந்துகொண்டு வந்தாய். புதுக் கதவு எங்கே வாங்கினது, எந்த நாளில் பொருத்தினது, வேலை முடிந்ததென்று பார்த்துச் சொன்னது யார் என்று மூன்று கேள்வியை வெள்ளைத் தாளில் எழுதினாய். அதை நீர்ப்பாசன அலுவலகத்தில் கொடுக்க நீ டவுனுக்குப் போன அதே நாளில்தான் பெரும்போக ஆரம்பக் கூட்டம் வந்தது. போகத்துக்குப் போகம் உத்தியோகத்தரும் கமக்காரரும் ஒன்றாக இருந்து தண்ணீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கிற கூட்டம்.

"நான் வரமாட்டன். நீ எழும்பிக் கதவப் பத்திக் கேள்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாய்.

நான் கேட்கவில்லை மச்சான். கேட்கத்தான் போனேன். முன்வரிசையில் கதிரையும் பிடித்தேன். ஆனால் பேச்சு முழுக்க டீசலாக இருந்தது. உழவுக்கு டீசல் பட்டியல் போடுகிறார்கள், கூட்டத்துக்கு வராதவன் பேர் அதில் இராது என்று பின்னால் ஒருவன் சொன்னான். அந்த நேரம் பார்த்து வட்டை விதானை தாள்களைக் கொண்டு வந்தார். தண்ணீர்க் காரியம் பார்க்க நாங்களே தெரிவு செய்து வைத்த மனிசன். அவர் நீட்டுகிற தாளை ஆர் வாசிக்கிறது? வரவுத் தாள்தானே என்று என் பேருக்கு நேரே கையெழுத்து வைத்தேன். நம் கூட்டங்களில் வராதவனுக்குப் பக்கத்து வயல்காரன் வைப்பது வழக்கம்தானே. பழுகாமத்திலிருந்து வராத என் மைத்துனனுக்கும் வைத்தேன். அடுத்தது உன் பேர். டீசல் இல்லாமல் நீ நிற்கக்கூடாது என்று உனக்கும் வைத்தேன். உன் கையெழுத்தில் கடைசியில் வருகிற சுழியைக்கூட விடவில்லை. அடியில் இன்னொரு தாள் இருந்தது. அதிலும் மூன்று. வடை வந்துவிட்டது.

பின்னேரம் நீ வந்து, "கேட்டயா?" என்றாய்.

"பாக்கிறம் எண்டாங்க" என்றேன். கேட்டே இராத கேள்விக்குப் பதிலும் நானே தயார் செய்தேன்.

உன் மூன்று கேள்விக்கும் பதில் வரவில்லை. நீ மேன்முறையீடு எழுதினாய். பிறகு இன்னொன்று. போன வருசம் வயலில் வைத்தே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன் பிறகு எழும்பவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து ஒரு கிழமையில் உன் பேருக்குத் தபால் வந்தது. உன் மனைவி அதைப் பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்து, "அண்ணே, நீங்க வாசிச்சுச் சொல்லுங்க" என்றா.

வாசித்தேன். புதுக் கதவு பொருத்தியாயிற்று, வேலை திருப்தி என்று பயன்பெறும் கமக்காரர்களே நேரில் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள், அதில் விண்ணப்பதாரரான தாங்களும் ஒருவர் என்று இருந்தது. பின்னால் போட்டோப் பிரதி. அன்று அடியில் இருந்த இரண்டாவது தாள். அதில் உன் பேருக்கு நேரே சுழியோடு கையெழுத்து.

உன் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. "என்னவாம்?" என்றா. "ஒண்டுமில்ல தங்கச்சி, அவங்கட வழக்கமான கதைதான்" என்றேன். அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். அன்றிலிருந்து வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றால் பொலிஸ் என்று நினைக்கிறேன். பார்த்தால் பாண்காரன். இன்னொருவன் பேரில் கையெழுத்து வைத்தால் என்ன தண்டனை என்று போனில் தேடிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

போன போகத்தில் உன் வயலில் பாதிதான் விளைந்தது. இந்தப் போகமும் கதவு இப்படியே இருந்தால் உன் மனைவி வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போவதாகச் சொன்னா. கதவை மாற்றுங்கள் என்று ஆர் போய்க் கேட்டாலும் அலுவலகம் அந்தத் தாளைத்தான் காட்டுகிறது. நான் பார்க்காமல் வைத்த கையெழுத்து என்று நானே வாய் திறந்து சொல்லாதவரை அந்தத் தாள் செல்லும்.

கூட்டத்தில் அதைச் சொல்லப்போகிறேன் என்று சுதாவிடம் சொன்னேன். அவள் அந்த அலுவலகத்தில்தான் தற்காலிகமாக வேலை செய்கிறாள். நிரந்தர நியமனம் இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்று இரண்டு வருசம்.

"மாமாவும் இல்ல. இப்ப ஆருக்காகக் கதைக்கப் போறீங்க?"

"மாமி இரிக்காவே."

"நாளைக்கும் நான் அந்த ஒபிஸுக்குள்ளதான் போய் இருக்கோணும் அப்பா. உங்கள ஒண்டும் செய்யமாட்டாங்க. என்னத்தான் பாப்பாங்க."

அவள் சொன்னதில் பிழை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

மூன்று நாளைக்கு முன் இந்த வருசத்துக் கூட்டம் நடந்தது. உன் மனைவி பின்வரிசையில் இருந்தா. நான் வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன், ஓடுவதற்கு வசதியாக. "வேற ஏதும் இரிக்கா?" என்று பெரிய உத்தியோகத்தர் கேட்டபோது எழும்பினேன்.  தாளைக் காட்டி, இது என் கையெழுத்து, இந்த இரண்டும் நான் மற்றவர்களுக்காக வைத்தது, கதவை நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

"மத்தவங்கட கையெழுத்து வைக்கிறது குற்றமெண்டு தெரியுமா ஐயா?"

"இப்ப தெரியும் சேர். அண்டைக்கு வடைதான் தெரிஞ்சிது."

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அந்தத் தாளில் கையெழுத்து வைத்த வேறு ஆராவது இதைச் சொல்கிறீர்களா என்று கேட்டார். சிரிப்பு நின்றது. எல்லோரும் போனுக்குள் குனிந்தார்கள். வட்டை விதானை கூரை முகட்டைப் பார்த்தார். பொறுத்துப் பொறுத்து ஒரே ஒருவர் கையைப் பாதி தூக்கினார். ஏறாவூரிலிருந்து வந்து இங்கே வயல் செய்கை பண்ணுகிற காக்கா. "நானும் வாசிக்கல்ல சேர். அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்றார்.

நான் சொன்னதை அலுவலகப் பிள்ளை ஒருத்தி கணினியில் அடித்துக் கொண்டுவந்து கையெழுத்து வைக்கச் சொன்னாள். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். சபை முழுக்கக் காத்திருந்தது. பின்னால் ஒருவன், "சோதனைக்குப் படிக்கிறார் போல" என்றான். நாலாவது வரியில் "கதவு பழையது எனக் கேள்விப்பட்டதாக" என்று இருந்தது.

"பிள்ள, இது பிழை. கூட்டத்துக்கு வர முந்தி இண்டைக்கு விடியத் தண்ணிக்குள்ள இறங்கிப் பாத்திட்டுத்தான் வந்தன். கண்டதெண்டு போடுங்க."

அவள் பெரியவரைப் பார்த்தாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். மாற்றி அடித்து வந்ததையும் முதலிலிருந்து வாசித்தேன். பிறகு என் பேருக்கு மட்டும் வைத்தேன்.

வெளியே வந்ததும் உன் மனைவி கிட்ட வந்தா. உன் பேரை நான் எழுதின கதை அவவுக்கு அந்தச் சபையில்தான் தெரிந்தது. திட்டுவா என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "இந்த முறை தண்ணி வருமா அண்ணே?" என்று மட்டும் கேட்டா.

வரும் தங்கச்சி, கவலைப்படாதீங்க என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தெரியாது" என்றேன். "விடியப் போய்க் கதவப் பாத்திட்டு வந்து சொல்றன்."

அடுத்த நாள் போனேன். அப்படியே இருந்தது. அப்படியே இருக்கிறது என்று சொன்னேன். நேற்றும் போனேன், அதேதான். கடிதமோ ஆளோ இன்னும் வரவில்லை, பொலிஸும் வரவில்லை. சுதாவின் நியமனம் பற்றியும் ஒரு பேச்சில்லை. அவள் வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போது அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. உன் காணியையோ துணிச்சலையோ நீ எனக்கு எழுதி வைக்கவில்லை மச்சான். போய்ப் பார்க்கிற இந்த வியாதியை மட்டும் தொற்ற வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நம் வட்டை இருக்கிற படுவான்கரைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. மழைக்கு முதல் இன்றைக்கும் ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும்.